எல்லாம் நார்மல் என்றால் எனக்கு நடந்தது என்ன?

போன இதழில் தூக்கமின்மை பற்றி எழுதும்போது, ‘ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு எழுவது தனி விஷயம், அதைப் பிறகு பார்ப்போம்’ என்று ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அதனால் இந்த முறை முழுக்கப் பயம், பதற்றம், அந்த நேரத்தில் மூளைக்குள் ஓடும் ரசாயனங்கள் பற்றித்தான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

டாக்டர், எனக்கு 34 வயது. இரண்டு மாதத்துக்கு முன்பு பஸ்ஸில் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, விரலெல்லாம் மரத்து, மூச்சு வாங்கி, இதோ உயிர் போகப் போகிறது என்று நினைத்து நடுவழியில் இறங்கிவிட்டேன். பிறகு நான்கு முறை வந்துவிட்டது. மூன்று ஈசிஜி, ஒரு எக்கோ எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். வீட்டில் ‘எல்லாம் உன் நினைப்பு’ என்கிறார்கள். எல்லாம் நார்மல் என்றால் எனக்கு நடந்தது என்ன?
– வாசகி, திண்டுக்கல்

உங்களுக்கு நடந்தது நிஜம். பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று உச்சத்துக்கு ஏறும் பயத் தாக்குதல் என்று அதற்குப் பெயர். இந்தப் பக்கத்தை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிடுங்கள், ஏனென்றால் ‘உன் நினைப்பு’ என்ற அந்தச் சொல் நோயைவிட அதிகம் வலிக்கிறது என்று என்னிடம் வருகிறவர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஈசிஜி உங்கள் இதயத்தைப் பார்த்தது. இதயம் நன்றாக இருக்கிறது, அதனால் நார்மல் என்று வந்தது. ஆனால் அந்த இதயத்தை ஓட வைத்த கட்டளை மேலேயிருந்து வந்தது. மூளைத்தண்டில் நீலப்புள்ளி என்று ஓர் இடம் உண்டு. லத்தீனில் லோகஸ் செருலியஸ் என்பார்கள், அர்த்தம் அதேதான். சில பத்தாயிரம் நரம்பணுக்கள் மட்டுமே உள்ள துளியூண்டு இடம், ஆனால் மூளையின் பெரும்பகுதிக்கு நோரட்ரினலின் என்ற உஷார் ரசாயனம் அங்கிருந்துதான் போகிறது. அது விழித்துக்கொண்டால் மொத்த மூளையும் உஷாராகிறது. கூடவே, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு நரம்பு வழியாகத் தகவல் போய், அது அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகிறது. சண்டை போடு, இல்லை ஓடு என்று உடம்பு தயாராவதை 1915-லேயே வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் விவரமாக எழுதிவிட்டார். நெஞ்சு அடிப்பது தொடைத் தசைக்கு ரத்தம் அனுப்ப. வியர்ப்பது உடம்பு சூடாகிவிடாமல் இருக்க. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோமே, அது குடலுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்துக் கைகாலுக்குத் திருப்பிவிடுவதால். வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். அதனால்தான் உங்களுக்கு விரல் மரத்தது. சிலருக்கு உதட்டைச் சுற்றியும் ஊசி குத்தும், தலை கிறுகிறுக்கும். எதிரே மாடு முட்ட வரும்போது இதெல்லாம் நடந்திருந்தால் உங்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது. ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நடந்ததால்தான் மூளை காரணம் தேடி, ‘ஹார்ட் அட்டாக்’ என்று முடிவு கட்டியது.

மாடு இல்லாமல் எச்சரிக்கை மணி ஏன் அடித்தது? இதற்கு ஒரு பழைய பரிசோதனை நல்ல பதில் தருகிறது. 1967-இல் பிட்ஸ், மெக்ளூர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், இப்படிப்பட்ட பதற்றம் உள்ளவர்களுக்குச் சோடியம் லாக்டேட் திரவத்தை நரம்பில் ஏற்றிப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் அவர்களுடைய அதே பழைய தாக்குதல் படுக்கையிலேயே வந்தது. ஆரோக்கியமானவர்களுக்கு ஏற்றியபோது மிகச் சிலருக்குத்தான் வந்தது. கரியமில வாயு அதிகம் கலந்த காற்றை முகர வைத்தாலும் இதேபோல நடக்கிறது. அதாவது உங்களைப் போன்றவர்களுக்கு மூச்சு முட்டுகிறது என்று எச்சரிக்கும் மணி கொஞ்சம் சீக்கிரமே அடிக்கிற மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது என்று டொனால்ட் க்ளைன் என்ற மனநல மருத்துவர் 1993-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்தாது, ஆனால் நெரிசல் பஸ், லிஃப்ட், கல்யாண மண்டபத்துப் பந்தி என்று புழுக்கமான இடங்களில் பலருக்கும் ஆரம்பிப்பதைப் பார்க்கும்போது அந்தக் கருத்து எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

இனி வந்தால் இறங்காதீர்கள். கஷ்டம்தான், தெரியும். அட்ரினலின் ரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் பாதியாகிவிடும் சரக்கு. நீங்கள் பயந்து மேலும் மேலும் சுரக்க வைக்காவிட்டால் அலை பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானே இறங்கும். ஆழமாக இழுக்க முயலாமல் மெதுவாக வெளியே விடுங்கள், உள்ளே போவதைவிட வெளியே வருவது நீளமாக இருக்கட்டும். காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சு விடச் சொல்வார்கள், வேண்டாம். ஒருவேளை ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து. நடுவழியில் இறங்கியதும் நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதிதான் அடுத்த முறை பஸ்ஸைப் பார்த்தாலே பயப்பட மூளைக்குக் கற்றுக்கொடுத்தது.

தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். இன்னொன்று, படியேறினால் நெஞ்சு வலித்து, உட்கார்ந்தால் குறைகிறது, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுகிறது என்றால் அதைப் பதற்றம் என்று தள்ளிவிடாமல் உடனே இதயத்தைக் காட்ட வேண்டும்.

கடையில் வேலை. ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ, சாயங்காலம் இரண்டு காபி. பதற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், ஈரோடு

உண்டு. மூளையை அமைதிப்படுத்தும் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. பேனிக் அட்டாக் வருகிறவர்களுக்கு மற்றவர்களைவிட அது அதிகம் உறைக்கும். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், இரண்டு நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வந்து, மதியத்துக்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

என் கணவருக்கு இரண்டு வருடத்துக்கு முன்பு பதற்றத்துக்காக ஒரு டாக்டர் அல்பிரசோலம் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் பழைய சீட்டைக் காட்டியே மெடிக்கலில் வாங்கிக்கொண்டிருக்கிறார். அரை மாத்திரையில் ஆரம்பித்தது இப்போது இரண்டு. ஒருநாள் இல்லையென்றால் கை நடுங்குகிறது, எரிந்து விழுகிறார். மாத்திரைகளைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

போடாதீர்கள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

மூளையில் காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறது, ‘போதும், அடங்கு’ என்று நரம்பணுக்களுக்குச் சொல்கிற வேலை அதனுடையது. மூளையில் அது இருப்பதைக் கண்டுபிடித்தது 1950-இல். ஆனால் அதன் மேல் வேலை செய்கிற மருந்து, எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாமலேதான் சந்தைக்கு வந்தது. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் அமெரிக்காவில் ரோஷ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சில சேர்மங்களைச் செய்து பார்த்து, ஒன்றும் தேறவில்லை என்று ஓரமாக வைத்திருந்தார். 1957-இல் மேசையை ஒழிக்கும்போது ஒரு குடுவையில் பரிசோதிக்காமல் விட்ட படிகம் கிடந்தது, சரி இதையும் பார்த்துவிடலாம் என்று அனுப்பினார்கள். பிராணிகள் தூங்கி விழாமல் அமைதியாயின. 1960-இல் லிப்ரியம், 1963-இல் வேலியம் என்று அந்தக் குடும்பம் வெளியே வந்தது. இவை காபா சாவி மாதிரிப் போய்ப் பொருந்துகிற பூட்டிலேயே பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு அதன் குரலைப் பெரிதாக்குகின்றன என்பது 1977-இல்தான் தெளிவானது. அல்பிரசோலம் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. வேகமாக ஏறும், வேகமாக இறங்கும்.

அரை மணி நேரத்தில் கேட்கிறது என்பதுதான் அதன் பலமும் கெடுதலும். தினமும் வெளியிலிருந்து இவ்வளவு ‘அடங்கு’ வருகிறதே என்று மூளை தன் காதை மந்தமாக்கிக்கொள்கிறது. அப்புறம் அரை போதாது, ஒன்று போதாது. மருந்து இறங்கும் நேரத்தில் முன்பிருந்ததைவிட அதிகமாகப் பதற்றம் வரும், அதைப் பழைய நோய் என்று நினைத்து இன்னொன்று போடுவார்கள். உங்கள் கணவர் இருப்பது இந்தச் சுழலில். அவர் மன உறுதி இல்லாதவர் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள், பத்து நாள் மருந்து பத்து நாளில் நிற்காததுதான் தவறு. இந்த மருந்து 2014-லிருந்து எச்1 பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, யாருக்கு யார் எழுதிக் கொடுத்தது என்று கடையில் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டுக்கு இரண்டு வருடமாகக் கொடுத்துவந்த அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் இதே குடும்பத்தில் மெதுவாக இறங்குகிற மருந்துக்கு மாற்றி, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். கடைசிக் கால் மாத்திரைதான் விடுவதற்கு அதிகக் கஷ்டம், அங்கே அவசரப்பட வேண்டாம். அதுவரை மது ஒரு சொட்டும் கூடாது, அதுவும் காபா வழியில்தான் போகிறது. இரண்டும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சே நின்றுவிடலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் எண், தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.

ஒரு லேபில் ‘செரட்டோனின் அளவு’ பார்த்துச் சொல்வதாக விளம்பரம் பார்த்தேன். எனக்குப் பதற்றம் ஜாஸ்தி. எடுக்கலாமா?
– வாசகர், தாம்பரம்

அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். செரட்டோனின் என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லப் பயன்படுத்தும் ரசாயனங்களில் ஒன்று. உடம்பின் செரட்டோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில் உற்பத்தியாவது. ரத்தத்தில் இருப்பது தட்டணுக்களுக்குள் இருக்கிறது, அது மூளைக்குள் போவதில்லை. மூளைக்குள் இருப்பது வெளியே வந்து லேபுக்கு எட்டுவதும் இல்லை. கை விரலில் எடுத்த ரத்தம் மூளையின் பயத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. சில அபூர்வமான கட்டிகளைக் கண்டுபிடிக்க அந்தப் பரிசோதனை உதவும், உங்கள் விஷயத்துக்கு உதவாது.

பேனிக் அட்டாக்குக்கு எஸ்சிடலோபிராம் கொடுத்தார்கள். ‘உங்கள் மூளையில் செரட்டோனின் குறைவு, அதை ஈடுகட்டும்’ என்றார்கள். நான்கு நாள் போட்டேன், பதற்றம் இரண்டு மடங்கானது, குமட்டல் வேறு. நிறுத்திவிட்டேன். ஈடுகட்டுகிற மருந்து எப்படி அதிகமாக்கும்?
– வாசகர், கரூர்

நல்ல கேள்வி. உங்களுக்குச் சொன்ன விளக்கம் நேரமில்லாத ஓ.பி.யில் சொல்கிற சுருக்கம். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து கொடுப்பது மாதிரியான கணக்கு இங்கே இல்லை. பதற்ற நோய் உள்ளவர் மூளையில் செரட்டோனின் இத்தனை குறைவு என்று யாரும் அளந்து மருந்து எழுதுவதில்லை.

நடப்பதாகப் புரிந்துகொண்டிருப்பது இது. மூளைத்தண்டின் நடுக்கோட்டில் ராஃபே என்ற இடத்தில் சில லட்சம் நரம்பணுக்கள் செரட்டோனினைத் தயாரித்து, பயத்தைக் கையாளும் பகுதிகள் உட்பட எல்லா இடத்துக்கும் அனுப்புகின்றன. மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே நரம்பணுக்களுக்கு நடுவில் செரட்டோனின் கூடுகிறது. ஆனால் அப்போது பயம் குறைவதில்லை, திடீரென்று கூடியதில் சிலருக்கு ஆரம்ப நாட்களில் படபடப்பே கூடுகிறது. ராஃபே அணுக்களில் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் பிரேக் மாதிரி ஓர் ஏற்பி, அதாவது செரட்டோனின் வந்து ஒட்டும் இடம், உண்டு. அது புதிய அளவுக்குப் பழகித் தளர்வதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகிறது. அதற்குப் பிறகும் மற்ற பகுதிகளில் இணைப்புகள் மெல்ல மெல்ல மாறுகின்றன. எனவே முழுப் பலனுக்கு நான்கிலிருந்து ஆறு வாரம். குமட்டல் குடலில் இருக்கும் செரட்டோனினால், அது பெரும்பாலும் ஒரு வாரத்தில் போய்விடும். நீங்கள் நிறுத்தியது மிகவும் மோசமான நாளில். இன்னும் பத்து நாள் தள்ளியிருந்தால் வேறு கடிதம் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பேனிக் அட்டாக்குக்கு மருந்து உண்டு என்பதே தெரியவந்த கதையைச் சொல்கிறேன். 1950களின் கடைசியில் நியூயார்க் ஹில்சைட் மருத்துவமனையில், மேலே சொன்ன அதே க்ளைன், இமிபிரமின் என்ற அப்போதைய புது மருந்தைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நோயாளி ஒரு நாளில் பல முறை நர்ஸ்கள் இருக்கும் இடத்துக்கு ஓடிவந்து, செத்துப்போகிறேன், பிடியுங்கள் என்பார். சில வாரம் மருந்து கொடுத்த பிறகு கேட்டால், ஒன்றும் முன்னேற்றம் இல்லை என்றார். மருத்துவர்களுக்கும் எதுவும் தெரியவில்லை. நர்ஸ்தான் சொன்னார், அவர் இப்போது எங்களிடம் ஓடிவருவதே இல்லையே என்று. தாக்குதல் நின்றிருந்தது, வந்துவிடுமோ என்ற எதிர்பார்ப்புப் பயம் மட்டும் நிற்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்பது அங்கேதான் பிடிபட்டது. 1980-இல் அமெரிக்க மனநல நோய்ப் பட்டியலில் பேனிக் நோய்க்குத் தனிப் பெயர் கிடைத்ததில் அந்தக் கவனிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. என்னிடம் வருகிறவர்களிடமும் நான் இப்போது மனைவியையோ அம்மாவையோதான் முதலில் கேட்கிறேன்: ‘ராத்திரி உங்களை எழுப்புவது குறைந்திருக்கிறதா?’

உங்கள் டாக்டரிடம் திரும்பப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். பாதி அளவிலோ கால் அளவிலோ ஆரம்பித்து ஏற்றலாம். தாங்க முடியாத பரபரப்பு, தற்கொலை எண்ணம் என்று எது தலைகாட்டினாலும் காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள், 25 வயதுக்குள் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சரியான பிறகும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் தொடர்ந்துவிட்டுப் படிப்படியாக நிறுத்துவார்கள்.

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆறு மாதம் முன்பு தெருநாய் கடித்துவிட்டது. ஊசிகள் எல்லாம் போட்டாயிற்று. இப்போதும் குரைக்கும் சத்தம் கேட்டாலே நடுங்குகிறான். வீட்டை விட்டு இறங்குவதென்றால் அப்பா வண்டிதான். பள்ளிவாசலில் ஓதி, கோயிலிலும் மந்திரித்துக் கயிறு கட்டினோம். ‘நாளானால் மறந்துவிடுவான்’ என்கிறார்கள். மறக்கவில்லையே?
– வாசகி, மதுரை

மறக்க மாட்டான் அம்மா. மறக்கக் கூடாது என்பதற்காகவே மூளை அதை அப்படி எழுதி வைத்திருக்கிறது.

கன்னப்பொட்டுக்குப் பின்னால், மூளைக்குள் பக்கத்துக்கு ஒன்றாக வாதுமைப் பருப்பு வடிவில் ஒரு பகுதி இருக்கிறது, அமிக்டலா என்று பெயர். கிரேக்க மொழியில் வாதுமை என்றே அர்த்தம். நாயின் குரைப்பும் காலின் வலியும் ஒரே நேரத்தில் அங்கே வந்து சேர்ந்தபோது, குளூட்டமேட் என்ற ரசாயனம் அந்த இரண்டையும் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டது. நோரட்ரினலின் அந்த முடிச்சை இன்னும் இறுக்கியது. சத்தம் அமிக்டலாவுக்கு இரண்டு வழியில் போகிறது என்று ஜோசப் லெடூ என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் எலிகளில் காட்டினார். ஒன்று குறுக்குவழி, என்ன ஏது என்று ஆராயாமல் நேரே போகும். இன்னொன்று மேல் மூளை வழியாக, ‘அது எதிர்வீட்டுக்காரர் கட்டிப்போட்ட நாய்’ என்று விவரத்தோடு தாமதமாக வரும். உங்கள் பையன் நடுங்குவது முதல் வழியில். ‘கட்டித்தானேடா போட்டிருக்கு’ என்று நீங்கள் சொல்வது இரண்டாவது வழியில். அதனால்தான் உங்கள் பேச்சு எடுபடவில்லை.

அதற்காக அமிக்டலாதான் பயத்தின் ஒரே இடம் என்றும் நினைக்க வேண்டாம். ஓர் அபூர்வ நோயால் இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துபோன அமெரிக்கப் பெண் ஒருவரை, எஸ்.எம். என்ற எழுத்துகளால்தான் குறிப்பிடுவார்கள், பாம்பும் சிலந்தியும் விற்கும் கடைக்கு ஆய்வாளர்கள் கூட்டிப்போனார்கள். பாம்பு பிடிக்காது என்று சொன்னவர், அதைக் கையில் வாங்கித் தடவிக்கொண்டே நின்றார். அந்த ஆய்வு வெளிவந்தது 2011-இல். அதே பெண்ணுக்குக் கரியமில வாயு கலந்த காற்றை முகர வைத்தபோது பயந்து கத்திவிட்டார். அது 2013-இல் வெளிவந்தது. வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு வழி, உடம்புக்குள்ளிருந்து வரும் ஆபத்துக்கு வேறு வழி. திண்டுக்கல் வாசகிக்கும் உங்கள் மகனுக்கும் வைத்தியம் ஒரே மாதிரி இருக்காது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பழைய முடிச்சை அவிழ்க்க முடியாது, பக்கத்தில் புதிதாக ஒன்று போட முடியும். ‘நாய் வந்தது, ஒன்றும் ஆகவில்லை’ என்ற அனுபவம் திரும்பத் திரும்பக் கிடைத்தால் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி அதைக் கற்றுக்கொண்டு அமிக்டலாவை அடக்கும். அதற்கும் அதே குளூட்டமேட்தான் வேண்டும். என்னிடம் இதே வயதில் ஒரு பையன் வந்தான். அவன் அப்பா தினமும் சாயங்காலம் வாசல்படியில் அவனோடு உட்கார்ந்தார். தெருக்கோடி டீக்கடை வாசலில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். முதல் நாள் படியிலிருந்து பார்த்ததோடு சரி. இரண்டாம் நாள் பையனே ஒரு சாக்பீஸ் எடுத்து ரோட்டில் கோடு போட்டு, இதுவரைக்கும்தான் என்றான். கோட்டில் நின்றபடி பயம் பத்துக்கு எத்தனை என்று சொல்வான். எட்டு என்பான், அங்கேயே நின்று நான்கு ஆகும்வரை இருந்துவிட்டுத் திரும்புவார்கள். மறுநாள் கோடு ஒரு வீடு தள்ளிப் போகும். ஐந்து வாரத்தில் கோடு டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிட்டது. அந்த நாய்க்கு அவன் வைத்த பெயரை என்னிடம் ரகசியமாகச் சொன்னான்.

முக்கியமானது, பயம் உச்சத்தில் இருக்கும்போது இழுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், முன்னால் தள்ளியும் விடாதீர்கள். நாய்க்குப் பக்கத்தில் போகச் சொல்வது நான் சொன்ன வேகத்தில், தடுப்பூசி போட்ட, தெரிந்த நாயிடம் மட்டும். உங்கள் தெருவில் போன பயம் அத்தை வீட்டுத் தெருவில் திரும்பலாம், புதுப் பாடம் படித்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும், அங்கேயும் இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டியிருக்கும். கயிறு இருக்கட்டும், அவிழ்க்கச் சொல்லவில்லை. ஆனால் கயிறு கட்டியிருந்ததால்தான் நாய் கடிக்கவில்லை என்று அவன் நினைத்துவிட்டால் மூளை நாயைப் பற்றி எதையும் கற்றுக்கொள்ளாது. ‘நீ நின்றாய், நாய் சும்மா இருந்தது’ என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருங்கள்.

பயந்தால் நெஞ்சு வேகமாக அடிக்கும், பிபி ஏறும் என்கிறீர்கள். எனக்கு ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயக்கமே வந்து விழுந்துவிடுகிறேன். கல்லூரி ரத்ததான முகாமில் மானம் போய்விட்டது. நான் மட்டும் ஏன் தலைகீழ்?
– வாசகர், நாகர்கோவில்

நீங்கள் மட்டும் இல்லை தம்பி, ரத்தம், ஊசி, காயம் மேல் பயம் உள்ளவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான், அநேகமாக உங்கள் வீட்டிலேயே இன்னொருவர் இருப்பார், விசாரித்துப் பாருங்கள். முதல் சில நொடிகள் எல்லோரையும் போலத் துடிப்பு ஏறும். அப்புறம் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அசெட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை விட்டு இதயத்தைச் சட்டென்று மெதுவாக்கும், ரத்தக்குழாய்கள் விரியும், பிபி விழும், நீங்களும் விழுவீர்கள். அதனால் உங்களிடம் ‘உடம்பைத் தளர்த்து, ரிலாக்ஸாக இரு’ என்று சொல்வது தவறான யோசனை. லார்ஸ் யோரான் ஓஸ்ட் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் வகுத்த முறை இதற்கு நேர் எதிர்: கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடாகிறவரை பத்துப் பதினைந்து நொடி இறுக்குங்கள், இருபது முப்பது நொடி விடுங்கள், ஐந்து முறை. வீட்டில் ஒரு வாரம் பழகிவிட்டு ஊசி போடும் இடத்தில் செய்யுங்கள். ஊசி போடாத கையை இறுக்கினால் போதும்.

எனக்கு 26 வயது. அம்மாவுக்குப் பதற்ற நோய், எனக்கும் வந்து இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறேன். தை மாதம் கல்யாணம். ‘மாப்பிள்ளை வீட்டில் மூச்சு விடாதே’ என்கிறார் அம்மா. என் குழந்தைக்கும் வருமா? சொல்லாமல் இருக்கலாமா?
– வாசகி, சேலம்

பரம்பரைப் பங்கு ஏறத்தாழ 30லிருந்து 40 சதவீதம் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. அதற்கு உங்கள் குழந்தைக்கு 40 சதவீதம் வாய்ப்பு என்று அர்த்தமில்லை, மக்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தில் அவ்வளவு பங்கு பிறவியால் என்று அர்த்தம். ‘பதற்ற மரபணு’ என்று ஒன்று கிடையாது, சின்னச் சின்ன விளைவுள்ள எத்தனையோ மரபணுக்கள் சேர்ந்து மணி சீக்கிரம் அடிக்கிற தன்மையைத் தருகின்றன. அம்மாக்களிடமிருந்து பிள்ளைகள் பயத்தைப் பார்த்தும் படிக்கிறார்கள். நீங்கள் வைத்தியம் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுவதை உங்கள் குழந்தை பார்க்கும், உங்கள் அம்மாவுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

உங்கள் அம்மா பயப்படுவது உங்கள் மேல் உள்ள பாசத்தில், அவர்மேல் வருத்தப்படாதீர்கள். ஆனால் மறைத்தால் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். புது வீட்டில் மாத்திரையைப் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்து, விருந்து, மறுவீடு என்று அலைச்சலில் நான்கு வேளை விட்டுப்போய், தலை சுற்றலும் பதற்றமும் திரும்பி, அதை யாரிடமும் சொல்ல முடியாமல், இரண்டாவது வாரம் ஒரு பெண் தனியாக ஆட்டோ பிடித்து என்னிடம் வந்து நின்றாள். பெரியவர்கள் கூடிய சபையில் சொல்ல வேண்டாம், மாப்பிள்ளையிடம் நேரில் நீங்களே சொல்லுங்கள், சர்க்கரைக்கோ தைராய்டுக்கோ மாத்திரை போடுவதை எப்படிச் சொல்வீர்களோ அதே குரலில். குழந்தை பற்றி யோசிக்கும்போது மாத்திரையைத் தொடர்வதா, மாற்றுவதா, குறைப்பதா என்று உங்கள் டாக்டருடன் கர்ப்பத்துக்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அன்றைக்கு உங்கள் கணவரும் பக்கத்து நாற்காலியில் இருக்க வேண்டும்.